எப்போது அறுகிறது?

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் நெட்வொர்க் விநோதமாக நடந்துகொண்டது. அங்கே பணியாற்றிய மைக் மூஸுக்கு, அதே ஆண்டு ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில் டேவ் மில்ஸ் போகிற போக்கில் சொன்ன யோசனை நினைவுக்கு வந்தது. ஒரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தால் பாதையின் நிலை தெரிந்துவிடும் என்பதே அந்த யோசனை. மூஸ் உடனே உட்கார்ந்து நிரலை எழுதினார். அது இயங்குவதற்கான வசதி யுனிக்ஸின் கருப்பகுதியில் இல்லை என்று தெரிந்ததும் அதையும் எழுதிச் சேர்த்தார். விடிவதற்குள் எல்லாம் தயார். ஆனால் அவர் முதல் செய்தியை அனுப்புவதற்கு முன்பே சக ஊழியர் ஒருவர் பழுதான கருவியைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார்.

அந்த நிரல்தான் பிங். இன்று உலகின் எந்த மூலையில் சர்வர் பதில் சொல்லாவிட்டாலும் பொறியாளர் முதலில் தட்டுவது அதைத்தான். அளக்கும் கருவி தயாராகும்போது அளக்க வேண்டிய கோளாறு போய்விட்டிருந்தது என்பதும் அதன் பிறப்புக் கதையிலேயே இருக்கிறது. நெட்வொர்க் விட்டு விட்டு அறுந்துபோகும் சர்வர்களோடு போராடும் ஒவ்வொருவரும் சந்திக்கும் சிக்கல் இது.

முற்றிலும் நின்றுபோன சர்வர் அவ்வளவு தொல்லை தராது. கேபிளைப் பார்க்கலாம், விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்; எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் கோளாறு அங்கேயே இருக்கும். பத்து நிமிடம் அறுந்து, தானாகவே சரியாகி, மூன்று நாள் ஒழுங்காக ஓடி, மறுபடி அறுகிற சர்வரிடம் இந்த வழி எதுவும் செல்லாது. பரிசோதிக்கும் நேரத்தில் எல்லாம் நன்றாக இருக்கும்.

இணைய நெறிமுறைகளின் பொறுமை இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. தகவல் சிறுசிறு பாக்கெட்டுகளாகப் பயணிக்கிறது. ஒன்று தொலைந்தால் டிசிபி என்ற நெறிமுறை அதைத் திரும்ப அனுப்பும். மறுபடி தொலைந்தால் இன்னும் சற்று அதிக நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். லினக்ஸ் இயல்பான அமைப்பில் 15 முறை முயன்று, ஏறத்தாழ கால் மணி நேரம் கழித்தே கைவிடும். சிறு பழுதுகளை நெட்வொர்க் தானே விழுங்கிவிடுவதால் பயனர் உணர்வது வெறும் தாமதம். அறுபட்டது வெளியே தெரியும்போது பழுதுக்கு வயது ஏறியிருக்கும்.

இப்படிப்பட்ட கோளாறைத் தற்செயல் என்று சொல்லிவிட மனம் எளிதில் இடம் கொடுக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் நான் வலியுறுத்த விரும்புவது இதற்கு நேரெதிரானது. விட்டு விட்டு வரும் கோளாறுக்கும் விதி உண்டு. ஏதோ ஒரு நிபந்தனை நிறைவேறும்போது அது வருகிறது. நிபந்தனை நம் கண்ணில் படாதவரை தற்செயலாகத் தோன்றுகிறது. ஆகவே ‘ஏன் அறுகிறது’ என்று கேட்பதற்கு முன் ‘எப்போது அறுகிறது, எப்போது அறுவதில்லை’ என்று கேட்க வேண்டும். அந்த நிபந்தனை பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒளிந்திருக்கும்: நேரம், சுமை, அளவு, உள்ளடக்கம்.

நேரம்

மலேரியாவை முறைக்காய்ச்சல் என்று நம் மக்கள் அழைத்தார்கள். ஒருவகை மலேரியாவில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் ஏறும். இன்னொரு வகையில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் சுழற்சிதான் அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதனால் இடைவெளியை வைத்தே எந்த ஒட்டுண்ணி என்று ஊகிக்க முடிந்தது. நெட்வொர்க் கோளாறின் இடைவெளியும் அப்படியே பேசும். ஏனென்றால் நெட்வொர்க்கின் ஒவ்வொரு கருவியிலும் ஒரு நினைவு அட்டவணை இருக்கிறது, ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு மறதிக் கெடு இருக்கிறது.

சர்வருக்கு இரண்டு முகவரிகள். ஒன்று நாம் கொடுக்கும் ஐபி முகவரி. மற்றொன்று நெட்வொர்க் கார்டைத் தயாரித்தவர்கள் அதில் பதித்து அனுப்பும் மேக் முகவரி. ஒரே வளாகத்துக்குள் பாக்கெட்டைக் கொண்டுசேர்க்க மேக் முகவரிதான் வேண்டும். ‘இந்த ஐபி யாருடையது?’ என்று எல்லோரையும் கேட்டு, பதில் சொல்பவரின் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஏஆர்பி என்று பெயர். டேவிட் பிளம்மர் 1982-ல் அதை வரையறுத்தார். பதில் சொல்பவர் உண்மையில் உரியவர்தானா என்று ஏஆர்பி சரிபார்ப்பதில்லை. கேட்டதை நம்பும்.

ஒரே ஐபி முகவரியைக் கவனக்குறைவாக இரண்டு கருவிகளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டாவது கருவி அணைந்திருக்கும்வரை சர்வர் குறையின்றி ஓடும். யாரோ ஒருவர் அந்தக் கருவியை இயக்குகிறார். அது தன் முகவரியை அறிவிக்கிறது. ரவுட்டர் தன் அட்டவணையை மாற்றி எழுதுகிறது. சர்வருக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் அந்தக் கருவிக்குப் போகின்றன. சற்று நேரத்தில் சர்வரே ஏதோ கேள்வி கேட்க, அட்டவணை பழையபடி திரும்புகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சர்வர் காரணமில்லாமல் மறைந்து மீண்டும் தோன்றுகிறது.

பிடிப்பது கடினமல்ல. சர்வர் நன்றாக இருக்கும்போது அதன் ஐபிக்கு எதிரே ரவுட்டர் எந்த மேக் முகவரியை வைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறுந்திருக்கும்போது மறுபடி பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் விடை கையில் இருக்கிறது. பெரும்பாலான கருவிகளில் மேக் முகவரியின் முதல் மூன்று பைட்டுகள் தயாரிப்பாளரைக் காட்டும் என்பதால், அந்த இன்னொரு கருவி பிரிண்டரா, கேமராவா என்று ஊகிக்கவும் வழி இருக்கிறது.

மறதிக் கெடுக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது இன்னொரு வகை. எந்த முகவரி எந்தத் துளையில் இருக்கிறது என்பதைச் சுவிட்சுகள் வழக்கமாக 300 விநாடி நினைவில் வைத்திருக்கும். சிஸ்கோ ரவுட்டர்களின் ஏஆர்பி அட்டவணைக்கு இயல்பான கெடு 4 மணி நேரம். ஃபயர்வால்களும் முகவரி மாற்றும் கருவிகளும் பேச்சில்லாத இணைப்புகளை இன்னும் விரைவில் மறந்துவிடும்: அமேசான் கிளவுடின் நாட் கேட்வேக்கு 350 விநாடி, மைக்ரோசாஃப்ட் அஷூரின் லோட் பேலன்சருக்கு இயல்பாக 4 நிமிடம். மறுபுறம், ‘இன்னும் இருக்கிறாயா’ என்று இணைப்பைத் தட்டிப் பார்க்கும் டிசிபி ஏற்பாட்டின் இயல்பான இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று 1989-ன் இணைய விதி சொல்கிறது.

நடுவில் இருக்கும் கருவி நான்கு நிமிடத்தில் மறக்கிறது. இரு முனைகளில் இருப்பவர்களோ இரண்டு மணி நேரம் வரை ஒருவரையொருவர் விசாரிப்பதில்லை. பகலெல்லாம் ஓயாமல் பேசும் செயலியும் தரவுத்தளமும் இரவில் அமைதியாகின்றன. காலையில் வரும் முதல் வாடிக்கையாளருக்கு மட்டும் திரை உறைகிறது. ‘ஆள் நடமாட்டம் குறைந்த பிறகே அறுகிறது’ என்று ஒருவர் கவனித்துச் சொன்னால் போதும், தேட வேண்டிய இடம் நடுவழியில் இருக்கும் கருவி என்று தெரிந்துவிடும். விசாரிக்கும் இடைவெளியை மறதிக் கெடுவுக்குக் கீழே இறக்கினால் கோளாறு தீரும்.

சுமை

சில கோளாறுகள் நடமாட்டம் கூடும்போது மட்டுமே வரும். அவற்றில் மிகப் பழையதும் மிக அதிகமானோரை ஏமாற்றியதும் டூப்ளெக்ஸ் முரண்பாடு.

கேபிளின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசலாம் என்பது முழு டூப்ளெக்ஸ். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது அரை டூப்ளெக்ஸ். எதைப் பின்பற்றுவது என்று கார்டும் சுவிட்சும் தாமாகவே பேசி முடிவுசெய்யும் முறை 1995-ன் ஈதர்நெட் தரநிலையோடு பரவலானது. யாராவது ஒரு முனையை மட்டும் ‘100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ்’ என்று கையால் நிலைநிறுத்தினால், அந்த முனை பேச்சுவார்த்தைக்கே வராது. எதிர்முனையால் சமிக்ஞையைப் பார்த்து வேகத்தைக் கண்டுகொள்ள முடியும். டூப்ளெக்ஸைக் கண்டுகொள்ள முடியாது. அந்நிலையில் அரை டூப்ளெக்ஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒரே கேபிளின் இரு முனைகளில் இரண்டு விதிகள் நடைமுறைக்கு வந்துவிடுகின்றன.

இதன் விளைவு நுட்பமானது. பிங் ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேச வேண்டிய தேவையே வராது. ஆகவே பிங் சுத்தமாகப் போய்வரும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கினால் தரவு ஒரு திசையிலும் ஒப்புகை எதிர்த்திசையிலும் இடைவிடாமல் ஓடும். முழு டூப்ளெக்ஸ் முனை காத்திருக்காமல் பேச, அரை டூப்ளெக்ஸ் முனை அதை மோதல் என்று எண்ணித் தன் பேச்சைப் பாதியில் நிறுத்த, உடைந்த பாக்கெட்டுகள் குவியும். வேகம் நடைப்பிணமாகும், செயலிகள் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டிக்கும். சோதிக்கும் பொறியாளரோ பிங் தட்டிப் பார்த்து ‘நெட்வொர்க்கில் குறையில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். சுவிட்சின் எண்ணிக்கைப் பதிவேட்டைத் திறந்திருந்தால், ஒரு முனையில் தாமத மோதல்களும் மறு முனையில் பிழை பாக்கெட்டுகளும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பார்.

சுமை ஒரு சர்வரோடு நிற்காமல் முழு நெட்வொர்க்கையும் சாய்க்கவும் கூடும். 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் அது நடந்தது. ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக நெட்வொர்க்குகளில் மாற்றுப் பாதைகள் வைப்பார்கள். மாற்றுப் பாதை எல்லா நேரமும் திறந்திருந்தால் பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கும். அதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985-ல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ என்ற முறைப்படி, சுவிட்சுகள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை தங்களுக்குள் செய்தி பரிமாறி, உபரிப் பாதைகளை மூடி வைக்கின்றன. 20 விநாடி செய்தி வராவிட்டால் பாதை செத்துவிட்டது என்று கருதி, மூடியதைத் திறக்கத் தயாராகின்றன.

இந்த முறையின் இயல்பான கால அளவுகள், வரிசையாக ஏழு சுவிட்சுகளுக்கு மேல் கடக்க வேண்டியிராத நெட்வொர்க்கை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டவை. பாஸ்டன் மருத்துவமனையின் நெட்வொர்க் அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஆய்வாளர் ஒருவரின் மென்பொருள் பெருமளவு தரவைக் கொட்டியபோது அந்த வளர்ச்சி பொறுக்க முடியாததாகிவிட்டது. சுமை ஏறினால் சுவிட்சுகளின் செய்தி தாமதமாகும். தாமதமானால் மூடியிருக்க வேண்டிய பாதை திறக்கும். திறந்தால் பாக்கெட்டுகள் சுழன்று சுமை இன்னும் ஏறும். கோளாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது. ஏறத்தாழ நான்கு நாட்கள் நெட்வொர்க் எழுவதும் விழுவதுமாக இருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் பிறர் கற்றுக்கொள்ள வெளிப்படையாகப் பகிர்ந்தார். துறைக்கு அது ஒரு பெரிய கொடை.

அளவு

மூன்றாவது நிபந்தனை, பாக்கெட்டின் பருமன். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். வழியில் விபிஎன் போன்ற சுரங்கப்பாதை இருந்தால் அதன் சொந்தத் தலைப்புக்கும் இடம் வேண்டியிருப்பதால் உச்ச அளவு குறைந்துவிடும். பெரிய பாக்கெட் அங்கே வந்து சேர்ந்தால் அந்த ரவுட்டர் ‘இதைவிடச் சிறியதாக அனுப்பு’ என்று அனுப்பியவருக்கு, நெட்வொர்க் எச்சரிக்கைகளைக் கொண்டுபோகும் ஐசிஎம்பி என்ற நெறிமுறை வழியே சொல்ல வேண்டும். ஜெஃப்ரி மோகலும் ஸ்டீவ் டீரிங்கும் 1990-ல் எழுதிய ஏற்பாடு இது.

பாதுகாப்பு என்று எண்ணி ஃபயர்வாலில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிடுபவர்கள் அந்த ஒற்றை எச்சரிக்கையையும் அடைத்துவிடுகிறார்கள். அனுப்பும் சர்வர் எதுவும் அறியாமல் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொன்றும் சுவடில்லாமல் மறையும். நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் சிறியவை, எனவே உள்ளே போக முடிகிறது. ஒரு நீண்ட பட்டியலைக் கேட்டதும் திரை உறைகிறது. மின்னஞ்சல் போகிறது, இணைப்புக் கோப்போடு போவதில்லை. சுரங்கப்பாதை உள்ள வழி, இல்லாத வழி என இரண்டு வழிகள் இருந்து, பாக்கெட்டுகள் நேரத்துக்கு ஒன்றில் போனால் சொல்லவே வேண்டாம்: நேற்று போன அதே கோப்பு இன்று போகாது.

மூஸின் பிங் இங்கே கைகொடுக்கும், பழக்கத்தை விட்டுப் பயன்படுத்தினால். இயல்பாக அது அனுப்பும் தரவு 56 பைட் மட்டுமே. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1,472 பைட் தரவை ஏற்றினால், தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து சரியாக 1,500 ஆகும். சிறியது போய்ப் பெரியது போகாவிட்டால், அளவைப் படிப்படியாகக் குறைத்து எந்த எண்ணில் வழி திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்ளடக்கம்

நான்காவது நிபந்தனை அபூர்வமானது. பாக்கெட்டுக்குள் எழுதியிருப்பதைப் பொறுத்தே ஒரு நெட்வொர்க் கார்டு சாகும் என்றால் அனுபவசாலிகளும் தயங்குவார்கள். 2013 பிப்ரவரியில் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் அதை நிரூபித்தார்.

இணையவழித் தொலைபேசிச் சேவைக்காக அவருடைய நிறுவனம் நிறுவியிருந்த கணினிகளில் இன்டெலின் 82574எல் என்ற நெட்வொர்க் கார்டு இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கார்டு செத்துவிடும். துளையின் விளக்கும் அணைந்துவிடும். கணினியை மறுதொடக்கம் செய்தாலும் உயிர் வராது. மின்சாரத்தையே துண்டித்துத் திரும்பக் கொடுத்தால்தான் எழும். எப்போது சாகும் என்பதில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

அவர் செய்தது எளிய, பொறுமை மிகுந்த வேலை. கார்டு வழியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பதிவுசெய்தார்; கார்டு சாகும் கணத்தில் பதிவை நிறுத்தினார். அடுத்த சாவுக்காகக் காத்திருந்து அதையே மீண்டும் செய்தார். பல பதிவுகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது கடைசியாகக் கார்டைக் கடந்த பாக்கெட் எப்போதும் ஒரே வகை, ஒரே நீளம் என்பது தெரிந்தது. அது குறிப்பிட்ட ஒரு தொலைபேசிக் கருவியிலிருந்து வந்த அழைப்புக்கான பதில். அதை ஆராய்ச்சிமேசைக்குக் கொண்டுவந்து, தானே ஒரு பாக்கெட்டை அனுப்பி, நலமாக இருந்த கார்டை வீழ்த்தினார். தற்செயல் என்று இருந்தது அந்தக் கணத்தில் விதியாகிவிட்டது.

அடுத்து அந்தப் பாக்கெட்டின் பைட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பினார். தொடக்கத்திலிருந்து 1,151 பைட் தள்ளியிருக்கும் ஒரே ஒரு இடம்தான் முழுப் பொறுப்பும். அங்கே ‘2’ என்ற எழுத்து இருந்தால் கார்டு சாகும். ‘4’ முதலில் வந்துவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும்வரை கார்டுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அழைப்பின் உரையில் ஒலித்துண்டின் கால அளவு 20 என்று எழுதப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் வரும் அடையாளக் குறிகள் அழைப்புக்கு அழைப்பு மாறுபவை. அவை சரியாகப் பொருந்திய அழைப்புகளில் மட்டும் 20-ன் ‘2’ அந்த ஆபத்தான இடத்தில் போய் அமர்ந்தது. ஒழுங்கின்மை கார்டில் இல்லை, அழைப்புக் குறிகளில் இருந்தது. குறிப்பிட்ட ஒரு தயாரிப்பாளரின் மதர்போர்டில் கார்டுக்கான நினைவகம் தவறாக எழுதப்பட்டதே காரணம் என்று இன்டெல் விளக்கம் அளித்தது.

தீர்ந்ததா என்று எப்படி அறிவது?

இந்த வரலாறுகளில் பொதுவான நடைமுறை ஒன்று உண்டு. முதலாவது, மறுதொடக்கம் செய்ய அவசரப்படாமல் இருப்பது. மறுதொடக்கம் சேவையை மீட்கும். அதோடு ஏஆர்பி அட்டவணையையும், பிழை எண்ணிக்கைகளையும், கார்டின் அந்த நேரத்து நிலையையும் துடைத்துவிடும். நோயாளி காத்திருக்கும் மருத்துவமனையில் சேவைதான் முக்கியம் என்பதில் ஐயமில்லை. அப்போதும், அட்டவணைகளையும் எண்ணிக்கைகளையும் கோப்பில் எழுதிவிட்டு மறுதொடக்கம் செய்யும் சிறு நிரலை முன்கூட்டியே தயார்செய்து வைக்கலாம். சில விநாடிகள்தான் கூடுதலாகும்.

இரண்டாவது, கோளாறு வரும் முன்பே பதிவு ஓடிக்கொண்டிருப்பது. சர்வரிலிருந்து ரவுட்டருக்கும், வளாகத்துக்கு வெளியே ஓர் இடத்துக்கும், பக்கத்துச் சர்வருக்கும் விநாடிக்கு ஒருமுறை பிங் போகட்டும், நேரத்தோடு எழுதப்படட்டும். அடுத்த முறை அறும்போது எந்தத் தொலைவு வரை உயிர் இருந்தது என்பது தானாகவே தெரியும். பழையதை அழித்துப் புதியதை எழுதும் சுழல் முறையில் பாக்கெட் பதிவும் ஓடலாம். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வரின் பதிவையும் சுவிட்சின் பதிவையும் அருகருகே வைத்து எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. கேபிள், டிரைவர், சுவிட்சின் துளை மூன்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டுக் கோளாறு நின்றால், எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த சர்வரில் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கடைசிக் கேள்விதான் மிகவும் கடினமானது. மாற்றம் செய்தபின் இன்று அறவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா? நிபந்தனை தெரியாதவரை கோளாறு நம் பார்வைக்குத் தற்செயல் போலவே நடந்துகொள்ளும், ஆகவே நிகழ்தகவின் கணக்கு இங்கே செல்லும். சராசரியாக நாளுக்கு ஒருமுறை வரும் கோளாறு, யாரும் எதையும் தொடாமலே ஒரு நாள் வராதிருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று நாள் வராதிருக்க 5 சதவீதம்தான். எனவே ஒரு நாள் அமைதி ஏறக்குறைய எதையும் நிரூபிப்பதில்லை. வழக்கமான இடைவெளியைப் போல் மூன்று மடங்கு காத்திருந்த பின்பே கொஞ்சம் நம்பலாம். வாரத்துக்கு ஒருமுறை வரும் கோளாறுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கேபிளை மாற்றியதால் சரியாயிற்று, மறுதொடக்கம் செய்ததால் சரியாயிற்று என்று நம்மிடையே உலவும் தீர்வுகளில் பல, அந்த 37 சதவீதத்தின் தயவில் பெயர் வாங்கியவை.

காத்திருப்பதை விட உறுதியான வழி ஒன்றும் உண்டு. கோளாறை விரும்பியபோது வரவழைக்கக் கற்றுக்கொள்வது அது. இரண்டாவது கருவியை இயக்கினால் சர்வர் மறைகிறது. பெரிய கோப்பை நகலெடுத்தால் பிழை எண்ணிக்கை ஏறுகிறது. 1,500 பைட் பாக்கெட்டை அனுப்பினால் பதில் வருவதில்லை. இந்த ஒரு பாக்கெட்டை அனுப்பினால் கார்டு சாகிறது. இப்படிச் சொல்ல முடிந்த நிலையில் பழுதைச் சரிசெய்து, அதே செயலை மீண்டும் செய்து, கோளாறு வராததைக் காட்ட வேண்டும். இதற்குச் சில மணி நேரமோ சில வாரமோ ஆகலாம். ஒரு மருத்துவமனையோ வங்கியோ தன் சர்வரை மறுபடி நம்பலாம் என்று சொல்லும் உரிமை, அதைச் செய்து காட்டிய பொறியாளருக்கே உண்டு.